வெங்காய அறையில் இரண்டு பேர்

எனக்குச் சயரோகம் வந்தது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வீட்டில் ஒருவரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. அண்ணை கேட்டவர்களுக்கெல்லாம் "நெஞ்சிலை சளி கட்டிப்போச்சு" என்றார். அவருடைய மனைவி, "கத்திக் கத்திப் படிப்பிச்சுத் தொண்டை புண்ணாப் போச்சு" என்றாள். உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் "அந்த வருத்தமோ?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, கம்பி வழியாகவே தொற்றிவிடும் போல உடனே வைத்துவிட்டார். இப்போது மாத்திரைகள் முடிந்துவிட்டன. கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. காசநோய் என்று சொன்னாலும் சரி, சயரோகம் என்று சொன்னாலும் சரி, எனக்கு வந்தது அதுதான். இனி இதே வருத்தத்தோடு எங்கேயாவது ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் நல்லூரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். கல்யாணம் கட்டவில்லை. உரும்பிராயில் அண்ணையோடும் அவர் மனைவியோடும் இருக்கிறேன். எங்கள் ஊர் வழக்கப்படி அவள் எனக்கு மச்சாள், நானும் அவளுக்கு மச்சாள். என்னைவிட ஒரு வயது இளையவள். அண்ணை தோட்டக்காரர், வெங்காயமும் புகையிலையும் போடுகிறவர். அவர்களுடைய ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள்.

மாதக்கணக்காக இருமினேன். பின்னேரமானால் காய்ச்சல் காய்ந்தது. சட்டை தொளதொளத்தது. பக்கத்து வீட்டார் "மெலிஞ்சு வடிவா வந்திட்டியள்" என்றபோது, வெட்கமில்லாமல் சந்தோசப்பட்டேன். ஒரு நாள் பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. வாயைப் பொத்திய கைலேஞ்சியில் இரத்தம். பிள்ளைகள் பார்க்கும் முன் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அந்தக் கணக்கைச் செய்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வீரம் ஒன்றுமில்லை. பாதியில் நின்றால் அழுதுவிடுவேன் என்ற பயம்.

அந்த வாரத்தில்தான் பூனைக்குட்டியும் வந்தது. எங்கள் பக்கத்தில் வேண்டாத குட்டிகளை உரப்பையில் போட்டு, திரும்பி வர வழி தெரியக்கூடாது என்று பையை நாலு சுற்றுச் சுற்றி, சந்தையடியிலோ அடுத்த ஊர் ஒழுங்கையிலோ அவிழ்த்து விடுவார்கள். அதைக் கொடுமை என்று ஒருவரும் நினைப்பதில்லை. கொல்லவில்லையே என்பது கணக்கு. யாரோ எங்கள் ஒழுங்கையில் அப்படி மூன்றை விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டை நாய் பிடித்தது. சாம்பல் நிறக் குட்டி ஒன்று மட்டும் எங்கள் வளவுக்குள் ஓடி வந்து, வெங்காய அறைக்குள் புகுந்துவிட்டது. கிட்டப் போனால் சீறியது. நான் ஆசுபத்திரிக்குப் போகும் அவசரத்தில் அதை மறந்தும் போனேன்.

ஆசுபத்திரியில் முதலில் எக்ஸ்ரே. படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது நுரையீரலின் மேல்பக்கத்தில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளை. பிறகு சளிப் பரிசோதனை. ஒரு சின்னப் போத்தலைத் தந்து, காலையில் எழும்பியவுடன், பல் விளக்க முன், அடி நெஞ்சில் இருந்து காறித் துப்பித் தரச் சொன்னார்கள். எச்சில் வேண்டாம், சளிதான் வேண்டும். அதைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயம் போட்டுப் பார்த்தால் கிருமி தெரியும். எனக்குத் தெரிந்தது. நிறையத் தெரிந்தது என்று டொக்டர் சொன்னார்.

"ரீச்சர், இது மாறுற வருத்தம், சுகமாகும். ஆனா ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் குளிசை போடோணும். சுகமாப் போச்சு எண்டு இடையிலை நிப்பாட்டினால் கிருமி மருந்துக்குப் பழகிடும். பிறகு எங்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

"ஆரிட்டை இருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"காத்திலை இருந்து. ஆரோ இருமியிருப்பினம். பஸ்ஸிலையோ, வகுப்பிலையோ. கண்டுபிடிக்கேலாது."

மச்சாளுக்கு மட்டும் கண்டுபிடிக்க முடிந்தது. பூனை மயிர் நெஞ்சுக்குள் போனால் ஈழை இழுப்பு வரும், சயம் வரும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். குட்டி வந்தது போன வாரம், இருமல் வந்தது போன வருசக் கடைசியில் என்று நான் மாதங்களை எண்ணிக் காட்டியும் அவள் கேட்கவில்லை. கணக்கு ரீச்சர் தோற்ற இடம் அது.

இரத்தம் வந்ததால் ஆசுபத்திரி வாட்டிலேயே மறித்து வைத்துவிட்டார்கள். இருமுகிறவர்களுக்கென்று தனி வாட்டு, யன்னல்கள் எல்லாம் திறந்தபடி. காற்றோட்டமும் வெயிலும்தான் இந்தக் கிருமிக்கு ஆகாதவை என்று அங்கேதான் அறிந்தேன். விடியவே ஒரு கை நிறையக் குளிசை, நேர்சின் கண் முன்னால் விழுங்க வேண்டும். அதில் ஒன்று சிறுநீரைத் தோடம்பழச் சாறு போலச் சிவப்பாக்கிவிடும். ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாததால், நான் குளியலறையில் நின்று கத்திவிட்டேன். உங்களுக்கும் அப்படிப் போனால் பயப்படவேண்டாம், அது மருந்தின் நிறம். சில நாட்களுக்கு ஒரு தடவை, ஈரலை மருந்து தாக்குகிறதா என்று பார்க்க இரத்தம் எடுப்பார்கள்.

அந்த இரத்தம் எடுப்பதுதான் எனக்கு ஆகவில்லை. காலமை வருகிற நேர்ஸ் ஒருவர், கதைக்காமல், மேலே இருந்து கையைக் கொண்டுவந்து முழங்கையைப் பிடித்துத் திருப்புவார். அவர் கட்டிலடிக்கு வரும்போதே என் உடம்பு இறுகிவிடும். நரம்பு ஓடி ஒளியும். ஒரே கையில் மூன்று இடத்தில் குத்து.

பின்னேரம் வருகிற நேர்ஸ் பிள்ளை வேறு மாதிரி. கட்டிலடியில் நின்று, கையை எனக்குத் தெரியக் கீழே நீட்டி, "ரீச்சர், இப்ப உங்கடை கையைப் பிடிக்கப் போறன். பிடிக்கட்டோ?" என்று கேட்கும். கேட்டுவிட்டுக் காத்து நிற்கும். நான் ஓம் என்று சொன்ன பிறகுதான் தொடும்.

ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன். "எப்படியும் குத்தத்தானே போறீர். பிறகேன் கேக்கிறீர்?"

"குத்தத்தான் போறன் ரீச்சர். ஆனா நீங்கள் ஓம் எண்டால் கை இளகுது. எனக்கு லேசு."

சிரித்துவிட்டேன். வாட்டுக்கு வந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

அண்ணை ஒவ்வொரு நாளும் வந்தார். பொய் சொல்லக் கூடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, மோட்டார் சைக்கிளில், மச்சாள் வைத்த மீன் சொதியும் இடியப்பமும் கொண்டு வருவார். ஆனால் வாட்டு வாசலைத் தாண்டமாட்டார். பையை வாசல் மேசையில் வைத்துவிட்டு, அங்கே நின்றே "சாப்பிடு பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போவார். உறவுக்காரர்கள் மோல்ட் சத்துமாப் பேணிகளையும் அப்பிள்களையும் அவரிடம் கொடுத்து அனுப்பினார்கள். என் கட்டிலைச் சுற்றி அப்பிள்கள் குவிந்தன, மனிசரைக் காணவில்லை. எனக்குக் கோபம் வந்தது. சாகப் பயந்தேன் என்று நினைக்காதீர்கள். இனி ஒருவரும் என் பக்கத்தில் இருக்கமாட்டார்கள் என்றுதான் பயந்தேன்.

வீட்டுக்கு விட்டபோது டொக்டர் அண்ணையைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளில் தொற்றுகிற தன்மை போய்விடும். கோப்பையாலும் உடுப்பாலும் தொற்றாது. யன்னலைத் திறந்து வைத்தால் போதும். அண்ணை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கட்டில் வெங்காய அறையில் கிடந்தது.

"காத்தோட்டமான இடம் எண்டு டொக்டர் சொன்னவரெல்லே," என்றார் அண்ணை. முற்றத்தில் நின்றபடி.

வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கூரை வளையில் தொங்கவிடுகிற அறை அது. வீட்டோடு ஒட்டாமல் தனியே நிற்பது. காற்றோட்டத்துக்குக் குறையில்லைதான். வாசலில் பச்சை விளிம்புக் கோப்பை ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தது. எங்கள் ஊரில் சாப்பாட்டுத் தட்டைக் கோப்பை என்போம். எனக்கென்று புதிதாக வாங்கிய தனிக் கோப்பை. மச்சாள் அதில் சோறு போட்டு, வாசல்படியில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் மூச்சை விட்ட சத்தம் முற்றத்தின் நடுவில் இருந்து கேட்டது.

எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை. மீன் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து வேறு இரண்டு கண்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குட்டி இன்னும் அங்கேதான் இருந்தது. எலும்பும் தோலுமாக. நான் எழும்பியதும் சீறிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. இந்த வீட்டில் என்னைக் கண்டு பயப்படாதவர் ஒருவருமில்லை என்று அப்போது நினைத்தேன். ஆனால் குட்டி எல்லாரையும் கண்டு ஒரே அளவாகப் பயந்தது. அந்த நேர்மை எனக்குப் பிடித்துக்கொண்டது.

எனக்கோ செய்ய வேலை இல்லை. அந்த நேர்ஸ் பிள்ளை எனக்குச் செய்ததை நான் குட்டிக்குச் செய்வது என்று தீர்மானித்தேன். மீனைப் பாதியாக்கி, கோப்பையைப் பெட்டிக்குக் கிட்ட வைத்துவிட்டு, வந்து கட்டிலில் இருந்து வேறு பக்கம் பார்த்தேன். நேரே பார்த்தால் வராது. என்னையும் ஆட்கள் அப்படிப் பார்த்தபோது நான் போர்வையை இழுத்து மூடினவள்தானே. நான் திரும்பிப் பார்த்தபோது கோப்பை நக்கித் துடைத்திருந்தது.

பிறகு ஒவ்வொரு நாளும் கோப்பையை ஒரு சாண் என் பக்கம் நகர்த்தினேன். நான் இருமினால் எல்லாம் பாழ். குட்டி பறந்துவிடும், மறுபடி முதலில் இருந்து. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குட்டிக்காகத்தான் நான் இருமலை அடக்கப் பழகினேன். ஒரு கிழமை கழித்து நான் நிலத்தில் இருக்க, அது என் காலுக்கு எட்டாத தூரத்தில் இருந்து சாப்பிட்டது. கையைக் கீழே, நிலத்தோடு நீட்டி, "பிடிக்கட்டோ?" என்று கேட்டேன். ஓடியது. அடுத்த நாளும் கேட்டேன். ஓடியது. கேட்பதை நான் விடவில்லை. ஒரு நாள் ஓடாமல் விரலை மணந்து பார்த்தது. மூக்கு ஈரமாக இருந்தது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, கையுறை போடாத ஓர் உயிர் என்னைத் தொட்டது. கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனை. கிருமி இல்லை. முடிவு எழுதிய துண்டைக் கொண்டுவந்து முற்றத்தில் நின்று உரக்க வாசித்தேன். மச்சாள் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினாள். ஆனால் சோறு அதே கோப்பையில்தான் வந்தது.

அண்ணை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, மகள் வாறாள், நல்லூர்த் திருவிழாவுக்கு. கைக்குழந்தையும் வருது."

"சந்தோசம் அண்ணை."

"அதுதான்... அதுக்கு முதல் உந்தப் பூனையைக் கொண்டுபோய்ச் சந்தையடியிலை விடோணும். பால்குடிப் பிள்ளை உள்ள வீடு." கொஞ்சம் நின்று, "நீயும் அவள் நிக்கிற வரைக்கும் இஞ்சாலை இந்தப் பக்கமே இருந்தால் நல்லம்," என்றார்.

"துண்டை வாசிச்சனான், கேக்கேல்லையோ?"

"கேட்டனான். இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அதற்கு ஆறு மாதக் குளிசையும் போதாது.

"பூனையை உங்களாலை ஏலுமெண்டால் பிடியுங்கோ," என்றேன். "அது என்னைத் தவிர ஒருத்தரிட்டையும் வராது."

சொல்லிவிட்டுத்தான் விளங்கியது. இத்தனை நாளும் அதைக் காப்பாற்றியது அதன் பயம். பயம் இருக்கும் வரை எந்த உரப்பையும் அதைப் பிடிக்க முடியாது. நான் அந்தப் பயத்தைத்தான் ஒவ்வொரு சாணாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனிசரை நம்பப் பழக்கிவிட்டு, அந்த மனிசரின் பைக்குள் தள்ளப்போகிறேனா? கையைத் தட்டி ஒரு வெருட்டு வெருட்டினால் போதும், பழையபடி பெட்டிக்குப் பின்னால் போய்விடும். தப்பும்.

கையை உயர்த்தினேன். குட்டி பக்கத்தில் இருந்து தன் காலை நக்கிக்கொண்டிருந்தது. என்னால் முடியவில்லை. பயந்து பயந்து மூலைக்குள் கிடப்பதுதான் தப்புவது என்றால், அந்தத் தப்புதல் எனக்கும் வேண்டாம், அதற்கும் வேண்டாம். எங்களை இங்கே இருந்து கிளப்ப ஒருவரையும் விடமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

அண்ணையும் மச்சாளும் திட்டம் போட்டார்கள். உரப்பைக்குள் மீன் தலையை வைத்து, குட்டி உள்ளே போனதும் வாயைக் கட்டுவது. நல்ல திட்டம்தான். ஆனால் மகள் வருகிற நாளுக்குக் கிட்ட, குழந்தை வர முதல் நாள் செய்தால் போதும் என்று தள்ளி வைத்தார்கள். அதற்குள் நல்லூரில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது.

கொடி ஏறினால் எங்கள் வீட்டில் தேரும் தீர்த்தமும் முடியும் வரை சைவம். மச்சாள் மீன்சட்டியைக் கழுவிக் கூரைக்குள் சொருகிவிட்டாள். மீன்காரனை ஒழுங்கைக்குள் மணி அடிக்கவும் விடமாட்டாள். மீன் இல்லாமல் பூனையைப் பிடிக்க வேண்டிய நிலை. மச்சாள் பருப்பும் நெய்யும் குழைத்து உரப்பைக்குள் வைத்தாள். குட்டி தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. அடுத்த நாள் தயிர். அதைக் காகம் தின்றது. "ஒரு கருவாட்டுத் துண்டு..." என்று அண்ணை தொடங்க, மச்சாள் பாய்ந்து விழுந்தாள்.

"கொடியேறின வளவுக்கை கருவாடோ? உங்களுக்கு விசரே!"

நான் யன்னலில் நின்று சிரித்தேன். ஆனால் எனக்குள்ளும் ஒரு கலக்கம் இருந்தது. என் கோப்பையிலும் இப்போது சோறும் பருப்பும்தான். இத்தனை நாளும் குட்டி வந்தது என்னிடமா, மீனிடமா?

மகள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் கோப்பையை நிலத்தில் வைத்தேன். குட்டி வந்து மணந்து பார்த்தது. பருப்பு. முகத்தைத் திருப்பியது. சரி, போகப்போகிறது என்று நினைத்தேன். அது கோப்பையைத் தாண்டி வந்து, என் முழங்காலில் ஒரு காலை வைத்தது. பிறகு மற்றக் கால். பிறகு மடிக்குள் ஏறிச் சுருண்டுகொண்டு, தொண்டைக்குள் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியது. என் நெஞ்சுக்குள் மாதக்கணக்காகக் கேட்டது கிட்டத்தட்ட இதே சத்தம்தான். அது வருத்தம், இது சுகம்.

அந்த நேரம் பார்த்து அண்ணை வாசலுக்கு வந்தார். கையில் உரப்பை. அவருக்குப் பின்னால் முற்றத்தில் மச்சாள்.

"பிடிச்சிட்டியோ? நல்லதாப் போச்சு. அப்பிடியே பைக்குள்ளை போடு பிள்ளை."

"நான் போடமாட்டன்."

"விளையாடாதை."

"விளையாடேல்லை அண்ணை. மடியிலை இருக்கு. வேணுமெண்டால் வந்து எடுங்கோ."

அண்ணை வாசல்படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆசுபத்திரி வாசலில் இருந்து இன்றுவரை அவர் தாண்டாத படி அது. கையில் பை ஆடிக்கொண்டிருந்தது. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் நான் அவரை மன்னித்திருக்கமாட்டேன்.

செருப்பைக் கழற்றினார். படியைத் தாண்டினார். வந்து, என் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். மச்சாள் "கவனமப்பா" என்றாள், பூனையைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று தெரியவில்லை. அண்ணை குட்டியின் கழுத்தை நோக்கி மேலே இருந்து கையைக் கொண்டுவந்தார். குட்டி என் சட்டைக்குள் புதைந்து நடுங்கியது.

"அப்பிடி இல்லை," என்றேன். "அண்ணை, இப்ப உங்கடை கையைப் பிடிக்கப் போறன். பிடிக்கட்டோ?"

நான் காத்திருந்தேன். அந்த நேர்ஸ் பிள்ளையைப் போல, சும்மா காத்திருந்தேன். வெங்காயம் காய்ந்த மணம், குட்டியின் நடுக்கம், அண்ணையின் மூச்சு.

"ஓம்," என்றார்.

மண்ணில் கறுத்த அந்தக் கையைப் பிடித்தேன். கீழே கொண்டுபோய், உள்ளங்கையை விரித்து, நிலத்தோடு வைத்தேன். குட்டி நேரமெடுத்தது. பிறகு கழுத்தை நீட்டி அவருடைய விரலை மணந்து பார்த்தது.

"பயந்துபோனன், பிள்ளை," என்றார் அண்ணை, கையை எடுக்காமல்.

"அதுவும்தான்," என்றேன். "நானும்தான்."

உரப்பையை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. குட்டி இப்போது அதன் மேல்தான் படுக்கிறது. அடுத்த நாள் அண்ணையின் மகள் குழந்தையோடு வந்தபோது நான் வீட்டு மேசையில், எல்லாரோடும், எல்லாரும் சாப்பிடுகிற கோப்பையில் சாப்பிட்டேன். ஒருவரும் கூப்பிடவில்லை, நானாகப் போய் இருந்தேன். மச்சாள் இன்றைக்கும் நான் இருமினால் ஒரு கணம் மூச்சைப் பிடிக்கிறாள். பிடிக்கட்டும், மூச்சு அவளுடையது. ஆனால் அன்று முதல், எல்லாருக்கும் சோறு போட அகப்பையை என் கையில் தருகிறாள்.

பச்சை விளிம்புக் கோப்பை வெங்காய அறை வாசலில் இருக்கிறது. அது பூனையின் கோப்பை. வேறு ஒருவரும் அதில் சாப்பிடக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன்.